கைப்பிடி உடைந்தால் தொட்டியையே மாற்ற வேண்டுமா?

கேள்வி: நாங்கள் செந்தூலில் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறோம். கழிவறை ஃபிளஷ் தொட்டியின் கைப்பிடி போன வாரம் உடைந்து கையோடு வந்துவிட்டது. வந்து பார்த்த பிளம்பர், "பழைய மாடல், தொட்டியையே மாற்றணும், 350 வெள்ளி ஆகும்" என்கிறார். மகன் உள்ளே இருக்கும் நட்டைக் கழற்றப் பார்த்தான், அசையவே இல்லை. மூட்டு வலியோடு என் அம்மா ஒவ்வொரு தடவையும் வாளியில் தண்ணீர் தூக்கி ஊற்றுகிறார். என்ன செய்யலாம்?
– ஒரு வாசகி, கோலாலம்பூர்

பதில்: முதலில் அம்மா வாளி தூக்குவதை இன்றைக்கே நிறுத்துங்கள், சகோதரி. ஈரத் தரையில், வலிக்கிற மூட்டோடு, அது ஆபத்து. தொட்டியின் மூடியைத் திறந்து பாருங்கள். அடியில் ஒரு ரப்பர் அடைப்பும் அதிலிருந்து மேலே வரும் சங்கிலியும் இருந்தால், சங்கிலியின் மேல் நுனியில் நைலான் கயிறு கட்டி வெளியே தொங்கவிடுங்கள். இழுத்தால் ஃபிளஷ் ஆகும். உள்ளே கைவிட அருவருப்பு வேண்டாம். அது குழாயில் வரும் அதே தண்ணீர்தான்.

தொட்டியில் விரிசல் இல்லையென்றால் அதை மாற்ற அவசியமே இல்லை. கைப்பிடி தனியாகவே கிடைக்கும், அதுவும் பிளம்பர் கேட்ட தொகையில் ஒரு சிறு பங்குக்கு. உடைந்ததைத் தூக்கிப் போடாமல் ஹார்ட்வேர் கடைக்கு எடுத்துப் போங்கள். கைப்பிடி தொட்டியின் முன்பக்கமா, பக்கவாட்டிலா என்று கடைக்காரர் கேட்பார். இரண்டுக்கும் உள்ளே போகும் தண்டின் வளைவு வேறு. தொட்டியை ஒரு படம் பிடித்துக்கொண்டு போனால் குழப்பமே இல்லை.

இனி மகன் மாட்டிக்கொண்ட இடம். இந்த நட்டு பெரும்பாலும் ரிவர்ஸ் திரெட், அதாவது வழக்கத்துக்கு எதிர்ப்பக்கம் திருப்பினால்தான் கழலும். கைப்பிடியை அழுத்த அழுத்தத் தளர்ந்துவிடக் கூடாது என்றுதான் அப்படிச் செய்கிறார்கள். வழக்கமான பக்கம் திருப்பியிருந்தால் அவர் இறுக்கிக்கொண்டே போயிருக்கிறார். கைப்பிடி முன்பக்கம் இருந்தால், நட்டு சுவரைப் பார்த்தபடி இருக்கும். நாம் இந்தப் பக்கம் நின்று கையை உள்ளே விடுகிறோம், அதனால் திசை தடுமாறும். இப்படி நினைவில் வையுங்கள்: தொட்டிக்கு முன்னால் நிற்கும்போது நட்டின் மேல் விளிம்பு உங்கள் இடது கைப்பக்கம் நகர வேண்டும். அசையாவிட்டால் துருவை இளக்கும் எண்ணெயைக் கொஞ்சம் அடித்து, சற்று நேரம் விட்டுவிட்டுத் திருப்புங்கள். முரட்டுத்தனம் மட்டும் கூடாது. பீங்கான் ஒரு தடவை விரிசல் விட்டால், பிளம்பர் சொன்ன 350 வெள்ளி நிஜமாகிவிடும்.

வேலையை ஆரம்பிக்குமுன் தொட்டிக்குக் கீழே இருக்கும் வால்வை மூடி, ஒருமுறை ஃபிளஷ் செய்து தண்ணீரை இறக்கிவிடுங்கள். தொட்டி மூடியைத் தரையில் பழைய துண்டு விரித்து வையுங்கள். பழையதை எடுத்ததும் புதுக் கைப்பிடியைத் துளையில் நுழைத்து, நட்டைக் கழற்றியதற்கு எதிர்ப்பக்கமாகக் கையால் இறுக்கி, ஸ்பேனரால் ஒரு சின்னத் திருப்பு. போதும்.

சங்கிலியை மாட்டுவதில்தான் பொறுமை வேண்டும். விறைப்பாக மாட்டினால் ரப்பர் அடைப்பு சரியாக உட்காராது. ராத்திரி முழுக்கத் தண்ணீர் ஒழுகும். ரொம்பத் தொய்வாக விட்டால் கைப்பிடியை அழுத்தினாலும் அடைப்பு எழாது. ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் தொய்வு சரியாக இருக்கும். வால்வைத் திறந்து, தொட்டி நிரம்பியதும் பலகாரத்துக்குப் போடும் சிவப்புக் கலரில் சில சொட்டு தொட்டிக்குள் விட்டு, ஃபிளஷ் செய்யாமல் அரை மணி நேரம் காத்திருங்கள். கோப்பையில் சிவப்பு தெரிந்தால் சங்கிலியைக் கொஞ்சம் தளர்த்துங்கள். அப்படியும் தெரிந்தால் ரப்பர் தேய்ந்திருக்கிறது. அதுவும் மலிவான சாமான்தான், சேர்த்தே மாற்றிவிடுங்கள்.

தொட்டிக்குள் போடும் நீல மாத்திரை பழக்கம் உங்கள் வீட்டில் இருந்தால் விட்டுவிடுங்கள். அந்த ரசாயனம் ரப்பரைச் சீக்கிரம் கெடுத்துவிடும். வாடகை வீடு என்றால் வாங்குமுன் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லி, ரசீதையும் வைத்துக்கொள்ளுங்கள்.