ருமேனியா வேலைக்குப் பத்து இலட்சம் கடன் வாங்கலாமா?

கேள்வி: எனக்கு 26 வயது. உயர்தரம் சித்தியடைந்தபின் நுவரெலியாவில் ஒரு ஹோட்டல் சமையலறையில் மாதம் 65,000 ரூபாவுக்கு வேலை செய்கிறேன். ருமேனியாவில் சமையலறை உதவியாளராக மாதம் 2 இலட்சத்து 80 ஆயிரம் சம்பளத்தில் இரண்டு வருட ஒப்பந்தம் இருப்பதாகக் கூறி, ஒரு முகவர் 14 இலட்சம் கேட்கிறார். கையில் 4 இலட்சம் இருக்கிறது. மீதியை மாதம் 3 வட்டிக்கு வாங்கலாம் என்கிறார் அம்மா. போவது இலாபமா? (வாசகர், கொட்டகலை)

பதில்: நீங்கள் இணைத்து அனுப்பிய வேலைக் கடிதத்தில் 4,050 லெய் (ருமேனிய நாணயம்) என்ற தொகைக்குப் பக்கத்தில் சிறிய எழுத்தில் 'ப்ரூட்' என்றொரு சொல் இருக்கிறது. பிடித்தங்களுக்கு முந்திய சம்பளம் என்பது அதன் பொருள். ருமேனியாவில் 2025ஆம் ஆண்டுக்குரிய ஆகக்குறைந்த சம்பளமும் அதே 4,050 லெய்தான். அதிலிருந்து ஓய்வூதியத்துக்கு 25 வீதமும் சுகாதாரக் காப்புறுதிக்கு 10 வீதமும் போய், வருமான வரியும் கழிந்தபின் கைக்கு வருவது ஏறத்தாழ 2,570 லெய், அதாவது சுமார் 510 யூரோ. ஒரு யூரோவை 350 ரூபா என்று வைத்தால், சுமார் 1 இலட்சத்து 78 ஆயிரம் ரூபா. முகவர் சொன்ன 2 இலட்சத்து 80 ஆயிரம் பிடித்தங்களுக்கு முந்திய 4,050 லெய்யின் பெறுமதி; அது பொய்யல்ல, ஆனால் முழு உண்மையுமல்ல.

தங்குமிடம் முதலாளி தருவதாகக் கடிதம் கூறுவதால், சாப்பாடு, தொலைபேசி, குளிர்கால உடுப்பு ஆகியவற்றுக்குச் சிக்கனமாக 60 ஆயிரம் ஒதுக்குவோம். மிஞ்சும் 1 இலட்சத்து 18 ஆயிரத்தில் வீட்டுக்கு 40 ஆயிரமும் கடனுக்கு 60 ஆயிரமும் அனுப்பினால், முதல் தவணையில் பாதி, அதாவது 30 ஆயிரம், வட்டிக்கே போய்விடும். 10 இலட்சம் முழுவதும் அடைபட 24ஆம் மாதம் வந்துவிடும், ஒப்பந்தமும் அன்றுதான் முடியும். வட்டி மட்டும் ஏறத்தாழ 4 இலட்சம். தோட்ட லயத்து வீட்டுக்குக் காணி உறுதிப்பத்திரம் இல்லாததால் வங்கியில் ஈடு வைக்கக் காணியில்லாத நம் குடும்பங்கள் இந்த 3 வட்டியில் போய் விழுவது எனக்குப் புரியாததல்ல. இருந்தாலும் இது ஆண்டுக்கு 36 வீதம்.

ஐரோப்பாவினால் பயனில்லை என்று நான் சொல்லவரவில்லை. ஐரோப்பிய ஒன்றியச் சட்டப்படி வாரத்துக்குச் சராசரியாக 48 மணித்தியாலத்துக்கு மேல் வேலை வாங்க முடியாது, ஆண்டுக்கு 4 வாரச் சம்பளத்துடன் விடுமுறை உண்டு, காய்ச்சல் கண்டால் காப்புறுதி பார்த்துக்கொள்ளும். வளைகுடாவில் வேலை செய்தவர்களிடம் கேட்டுப்பாருங்கள், இதன் அருமை தெரியும். இங்கே நீங்கள் விட்டுச்செல்வதையும் மறக்கவேண்டாம்: ஊழியர் சேமலாப நிதிக்கும் ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்குமாக உங்கள் முதலாளி தம் பங்காகச் செலுத்தும் 15 வீதம் நின்றுபோகும்.

உயர்தரம் சித்தியடைந்த ஒருவர் சட்டி கழுவுவதற்கு 14 இலட்சம் கொடுப்பதுதான் எனக்கு உறுத்துகிறது. அந்த 4 இலட்சத்தில் ஒரு பகுதியைச் செலவிட்டு ஜேர்மன் மொழியை பீ2 என்ற உயர் இடைநிலைவரை படித்தால், ஜேர்மனியில் மூன்றாண்டுத் தாதியர் பயிற்சிக்கு விண்ணப்பிக்கலாம். பொது வைத்தியசாலைகளில் பயிலுநருக்கே முதலாம் ஆண்டில், பிடித்தங்களுக்கு முன், மாதம் 1,300 யூரோவுக்கு மேல் கிடைக்கிறது. மொழி படிக்க ஒன்றரை வருடமாவது எடுக்கும், நோயாளியைத் தூக்கித் துடைக்கும் வேலை எல்லோருக்கும் ஒத்துவராது என்பதும் உண்மைதான்.

ருமேனியாவே வேண்டும் என்றால், முகவரின் அனுமதிப்பத்திர இலக்கத்தையும் இந்த வேலைக்கான அனுமதியையும் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 இலக்கத்துக்கு அழைத்துச் சரிபாருங்கள். பணியகம் அங்கீகரித்த தொகைக்கு மேல் அறவிட அவருக்கு உரிமையில்லை என்பதால், 14 இலட்சத்துக்குப் பற்றுச்சீட்டு தருவாரா என்றும் கேளுங்கள். கடன் 4 இலட்சத்துக்குள் அடங்கினால், அதையும் நகையை வங்கியில் அடகு வைத்துக் குறைந்த வட்டிக்குப் பெற முடிந்தால், போகலாம். பணியகத்திலிருந்து பதில் வரும்வரை அந்த 4 இலட்சம் உங்கள் கணக்கிலேயே இருக்கட்டும்.