ஃபோர்க்லிஃப்ட் இன்ஜின்: பிரிச்சு வேலை பாக்குறதா, வேற மாத்துறதா?

கேள்வி: அண்ணே வணக்கம். எங்க குடோன்ல ரெண்டரை டன் எல்பிஜி ஃபோர்க்லிஃப்ட் ஒண்ணு ஓடுது. மீட்டர் 11,000 மணி நேரம் காட்டுது. லோடு ஏத்துனா நீலப் புகை, ஆயிலும் குடிக்குது. ஒரு மெக்கானிக் "பிஸ்டன் ரிங் மட்டும் போடுவோம், போதும்"ங்கிறாரு, இன்னொருத்தர் "இந்த இன்ஜின் தேறாது, வேற வாங்கிருங்க"ங்கிறாரு. முதலாளி முடிவ எங்கிட்ட விட்டுட்டாரு. எது சரிண்ணே?

பதில்: தம்பி, அவங்க ரெண்டு பேருல யாராவது அழுத்தம் பாக்குற கேஜ் வச்சு பாத்தாங்களா? நீங்க எழுதுனத பாத்தா பாக்கல போல. மீட்டர மட்டும் வச்சு முடிவு பண்ணாதீங்க, சில வண்டில சாவி போட்டாலே மீட்டர் ஓடும், இன்ஜின் ஓடணும்னு இல்ல, ஒழுங்கா ஆயில் மாத்தி கூலண்ட் பாத்து ஓட்டுன வண்டி 10,000 தாண்டியும் நல்லா ஓடும், கவனிக்காம விட்டது பாதியிலயே படுத்துரும். எல்பிஜில இன்னொரு சங்கதி, ஆயில் அவ்வளவு சீக்கிரம் கறுக்காது, டிப்ஸ்டிக்க உருவி பாத்துட்டு "சுத்தமாத்தானே இருக்கு"ன்னு மாத்தாம விட்டுடுவாங்க, அது நிறம் மாறலன்னாலும் சத்து போயிருக்கும்.

முதல்ல கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள்ள பிஸ்டன் அமுக்குற அழுத்தத்த பாருங்க. கேஸ் சிலிண்டரோட வால்வ மூடி பைப்ல இருக்க கேஸ ஓட்டி தீத்துட்டு, இக்னிஷன கழட்டி, எல்லா பிளக்கையும் எடுத்து, த்ராட்டில முழுசா திறந்து வச்சு, நல்ல பேட்டரில கிராங்க் பண்ணணும் (ஸ்டார்ட்டர்ல சுத்த விடணும்). உதாரணத்துக்கு 160, 155, 110, 158 பிஎஸ்ஐ வருதுன்னு வைங்க. இருக்கறதுலயே அதிகமா வந்ததுல முக்கால் பங்காவது எல்லாத்துலயும் வரணும், 160க்கு முக்கால் 120, மூணாவது அதுக்கும் கீழ நிக்குது. அந்த சிலிண்டர்ல ஒரு டீஸ்பூன் ஆயில் ஊத்தி திரும்ப பாருங்க, நல்லா ஏறிடுச்சுன்னா ரிங்கோ போரோ (சிலிண்டரோட உள்சுவர்) தேஞ்சிருக்கு, ஏறவே இல்லன்னா வால்வு, இல்ல ஹெட் கேஸ்கெட். எல்பிஜில வால்வு சீட் தேஞ்சு வால்வு மேல ஏறி உக்காந்துரும், டேப்பட் கேப் (வால்வுக்கு விடுற சின்ன இடைவெளி) இல்லாம போயி வால்வு முழுசா மூடாது, அப்படி இருந்தா ஹெட்ட மட்டும் இறக்கி சீட் மாத்துனா முடிஞ்சுரும், அதுக்குப் போயி முழு இன்ஜின வாங்கி வைக்கிறத கண்டா எனக்கு மனசே கேக்காது.

புகை எப்ப வருதுன்னும் கவனிங்க. ரொம்ப நேரம் ஐடில்ல நின்னு கிளப்பும்போது குப்புன்னு வந்து நின்னா வால்வு சீல். லோடுல விடாம வந்தா ரிங் பக்கம் பாருங்க. பிசிவி வால்வு (இன்ஜினுக்குள்ள சேர்ற ஆவிய திரும்ப இழுக்க விடுறது) அடைச்சோ ஒட்டியோ இருந்தாலும் ஆயில் குடிக்கும், அத பாத்துட்டு மத்தத பிரிங்க.

"ரிங் மட்டும்"ங்கிற பேச்சுக்கு வர்றேன். ஹெட்ட எடுத்ததும் சிலிண்டர் மேல் விளிம்புல விரல வச்சு தடவுங்க, படி மாதிரி தட்டுச்சுன்னா போர் தேஞ்சிருக்குன்னு அர்த்தம். அதுல புது ரிங் போட்டா அந்தப் படியில இடிச்சு உடைஞ்சாலும் உடையும், உடையலன்னாலும் சரியா உக்காராது, கொஞ்ச நாள்ல திரும்ப அதே புகை. அப்படி இருந்தா அளவெடுத்து ஓவர்சைஸ் போர் பண்ணணும், இல்ல ஸ்லீவ் (உள்ள சொருகுற குழாய்) அடிக்கணும். கிராங்க் ஷாஃப்ட்லயும் நகத்த வச்சு இழுத்துப் பாருங்க, நகம் கோட்டுல மாட்டுனா கிரைண்டிங் போயே ஆகணும். பழைய பேரிங்க கழட்டி பின்பக்கத்த துடைச்சுப் பாத்தா ஸ்டாண்டர்டா, இல்ல ஏற்கனவே கிரைண்ட் பண்ண சைஸ் 0.25ஆ, 0.50 மில்லிமீட்டரான்னு குத்தியிருப்பாங்க. ஏற்கனவே கடைசி சைஸ்ல ஓடிட்டிருந்தா இன்னும் கிரைண்ட் பண்ண வழியில்ல, புது கிராங்க் வேணும், அப்ப முழு இன்ஜின் மாத்துறத பத்தியும் யோசிக்கலாம்.

பிளாக் வெடிச்சிருந்தா, கனெக்டிங் ராடு பிச்சுக்கிட்டு வெளிய வந்திருந்தா, மெயின் பேரிங் உக்கார்ற இடம் நெளிஞ்சிருந்தா, இல்ல பார்ட்ஸ் கிடைக்கவே மாட்டேங்குதுன்னா மாத்திருங்க. வண்டி இல்லாம ஒரு நாள் கூட ஓட்ட முடியாத இடம்னாலும் மாத்துறது மேல், லேத்துல வேலை முடிய நாளாகும், அதுவரைக்கும் வாடகை வண்டிக்கு குடுக்குறதயும் கணக்குல சேருங்க. பிளாக்கும் கிராங்கும் நல்லா இருந்து, அளவெடுத்து வேலை பாக்குற லேத் ஆளும் கிடைச்சா என் ஓட்டு ரீபில்டுக்குத்தான் (இருக்கறதயே பிரிச்சு கட்டுறது), உள்ள என்ன போட்டோம்னு நமக்கே தெரியும்.

அதுக்கும் முன்னாடி வண்டிய முழுசா பாருங்க. மாஸ்ட் செயின் (லோட தூக்குற சங்கிலி) 3 சதவீதம் நீண்டிருந்தா மாத்தணும், ஃபோர்க் குதிகால்ல (வளையிற இடம்) 10 சதவீதம் தேஞ்சிருந்தா அதுவும் போச்சு. கியர்பாக்ஸும் ஸ்லிப் ஆகுதுன்னா அந்த வண்டிக்கு எந்த இன்ஜினும் வைக்க வேணாம்.

கேள்வி: மாத்துறதுன்னா புதுசு, ரீமேன் (பிரிச்சு புதுப்பிச்சு விக்கிறது), பழசுல எது வாங்கலாம்? அதே பேர்ல கார் இன்ஜின் கிடைக்குது, வைக்கலாமா?

பதில்: கார் இன்ஜின் அப்படியே உக்காராதுங்க. பேர் ஒண்ணா இருந்தாலும் சம்ப் (ஆயில் தொட்டி), ஃப்ளைவீல் ஹவுசிங், வாட்டர் பம்ப், கவர்னர் (வேகத்த கட்டுப்படுத்துறது) எல்லாம் வேறயா இருக்கலாம், வண்டியோட சீரியல் நம்பர வச்சுத்தான் கேக்கணும். ரீமேன்ல பழைய இன்ஜின திருப்பிக் குடுத்தா ஒரு தொகை கழிப்பாங்க, பிளாக் உடைஞ்சிருந்தா அது கிடைக்காம போகலாம், முன்னாடியே கேட்டுக்கங்க. பழசுன்னா கண்ணு முன்னாடி கம்ப்ரஷன் பாத்து சம்ப்ப கழட்டி பேரிங்கையும் பாக்கணும், முடியாதுன்னு சொல்ற ஆள்கிட்ட வாங்காதீங்க.

கேள்வி: போன வருஷம் புது இன்ஜின் வச்சோம், இப்ப அதுவும் சூடாகி ஹெட் கேஸ்கெட் போயிருச்சு. இன்ஜின்தான் மட்டமா?

பதில்: இன்ஜின குறை சொல்றதுக்கு முன்னாடி ரேடியேட்டர பாருங்கம்மா. ஃபோர்க்லிஃப்ட் பலதுல ஃபேன் காத்த பின்னாடி கவுன்டர்வெயிட் (வண்டி பின்னால இருக்க எடைக் கட்டி) பக்கமா தள்ளும், அட்டைத் தூசி, பிளாஸ்டிக் நாரு எல்லாம் ஃபேன் பக்கம்தான் போய் ஒட்டும், வெளிய இருந்து எட்டிப் பாத்தா ரேடியேட்டர் பளிச்சுன்னு தெரியும். அந்த மாதிரி வண்டில கவுன்டர்வெயிட் பக்கமிருந்து இன்ஜின் பக்கமா காத்து அடிக்கணும். நானும் ஒரு தடவை இன்ஜின நல்லா கட்டிட்டு இத பாக்காம வண்டிய அனுப்பிட்டேன், சூடாகி திரும்ப வந்துச்சு. ஃபேன் கவர கழட்டுனா சாம்பல் நிறத்துல கம்பளி மாதிரி ஒரு போர்வை, உரிச்சா அப்படியே முழுசா கையோட வந்துச்சு. அன்னைலருந்து இன்ஜின் இறக்குனா ரேடியேட்டரயும் இறக்கிருவேன். முன்னாடி இருந்த இன்ஜின்ல பேரிங் போயிருந்தா ஆயில் கூலரையும் மாத்துங்க, உள்ள தங்குன உலோகத் தூள் புது இன்ஜினுக்குள்ள போயிரும், எவ்வளவு கழுவுனாலும் முழுசா வராது.