பூஞ்சையும் மாவுச்சத்தும்: கேள்வி பதில்

பூஞ்சைகளில் மாவுச்சத்து உண்டா ஐயா?

அவை உள்ளே சேமிப்பது கிளைக்கோஜன், மாவுச்சத்தைப் போலவே குளுக்கோஸ் சங்கிலிகளால் ஆன பொருள். நம் கல்லீரலில் இருப்பதும் அதுதான்.

இதை முதலில் காட்டியவர் யார்?

இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தேன். அயோடின் பட்டால் மாவுச்சத்து நீலமாகும் என்பது 1814 முதல் தெரியும். பிறகு தாவரவியலாளர்கள் கண்ணில் பட்ட திசுவிலெல்லாம் அயோடினை விட்டுப் பார்த்தார்கள். ஜெர்மானியர் டி பாரி, சில பூஞ்சைகளின் வித்துப்பைக்குள் வித்துகளைச் சூழ்ந்திருந்த கூழ் செம்பழுப்பாவதைக் கண்டு, அதற்கு எபிபிளாசம் என்று பெயரிட்டார். நீலம் இல்லையென்றால் அது என்ன?

விடை விலங்கியல் பக்கம் இருந்தது. கிளாடு பெர்னார் 1857இல் கல்லீரலிலிருந்து கிளைக்கோஜனைப் பிரித்திருந்தார். அதுவும் அயோடினில் செம்பழுப்பாகும். பிரஸ்ஸல்ஸின் லியோ எரேரா இரண்டையும் பொருத்திப் பார்த்தார். சூடாக்கினால் நிறம் மறைந்தது, ஆறியதும் திரும்பியது. கல்லீரல் கிளைக்கோஜனும் அப்படியே நடந்துகொண்டது. 1882இல் ஆய்வேடாக வெளியிட்டார். பூஞ்சைகளைத் தாவரமாகவே எண்ணிய காலத்தில் இது எவ்வளவு துணிச்சலான முடிவு!

நிறம் ஏன் வேறுபடுகிறது?

மாவுச்சத்திலுள்ள அமைலோஸின் நீண்ட சங்கிலி சுருளாகி அயோடினை உள்ளே பிடித்துக்கொள்ளும், அதனால் நீலம். கிளைக்கோஜனில் கிளைகள் நெருக்கம், சங்கிலிகள் குட்டை, அதனால் செம்பழுப்பு.

பூஞ்சையில் மாவுச்சத்து இருக்கிறதா?

முதல் பதிலைப் படியுங்கள்.

நான் வளர்த்த காளானின் அடியில் நீலம் வந்ததே?

ஒட்டியிருந்த தானியத்தைக் கழுவினீர்களா? நீலம் கண்டதும் மாவுச்சத்து என்று எழுதிவிடாதீர்கள். பல காளான்களின் வித்துச் சுவரே நீலமாகும்.

கிரிப்டோகாக்கஸ் ஈஸ்ட் மாவுச்சத்து உண்டாக்குமே! உங்கள் முதல் பதில் தவறு.

நல்ல கேள்வி. ஆஷ்னர், மாகர், லைபோவிட்ஸ் மூவரும் 1945இல் அதை அறிவித்தார்கள். ஆனால் அது செல்லுக்கு வெளியே, வளர்ப்புக் கரைசலில் சேர்ந்தது. நான் சொன்னது உள்ளே சேமிக்கும் பொருளை.

வெளியே சேர்ந்தாலும் உண்டாக்கியது பூஞ்சைதானே?

ஆம், ஒப்புக்கொள்கிறேன். "பூஞ்சை மாவுச்சத்தே உண்டாக்காது" என்று யாராவது சொன்னால் அவரை மறுக்க இது போதும். சேமிப்பு கிளைக்கோஜன் என்பதை இது அசைக்காது.

காளானில் மாவுச்சத்து...

மீண்டும் வேண்டாம், மேலே இருக்கிறது.

காளான் வித்துகளைச் சோதிக்கும் அயோடின் கரைசலான மெல்ட்சர் கரைசலை வீட்டில் தயாரிக்கலாமா?

கூடாது. அதில் குளோரல் ஹைட்ரேட் இருக்கிறது, நச்சு. ஆய்வகத்துக்குப் போங்கள்.

வித்து நீலமானால் சாப்பிடலாமா?

ஒருபோதும் அப்படி முடிவு செய்யாதீர்கள். ஆளைக் கொல்லும் அமானிட்டா ஃபலாய்டிஸின் வித்தும் நீலமாகும், ஐரோப்பியர் விரும்பிச் சமைக்கும் லாக்டேரியஸ் டெலிசியோசஸின் வித்தும் நீலமாகும்.