டார்ட்டாய்ஸ்கிட்டில் பச்சை டிக் காணாமல் போவது ஏன்?

கேள்வி: விண்டோஸ் 11 கணினியில் கிட் (கோப்புகளின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் மென்பொருள்), அதை ஃபோல்டரில் ரைட் கிளிக் மூலம் இயக்க உதவும் டார்ட்டாய்ஸ்கிட் இரண்டும் இருக்கின்றன. ரைட் கிளிக் மெனு வருகிறது. கமிட் (மாற்றத்தைப் பதிவது), புஷ் (அதை சர்வருக்கு அனுப்புவது) எல்லாம் நடக்கின்றன. ஆனால் ஃபோல்டர் மேல் பச்சை டிக்கோ சிவப்பு ஆச்சரியக்குறியோ வருவதில்லை. எடுத்துவிட்டு மறுபடி இன்ஸ்டால் செய்தும் பலனில்லை. டிராப்பாக்ஸ், ஒன்டிரைவ் இரண்டையும் பயன்படுத்துகிறேன்.

பதில்: கமிட் நடக்கிறது என்றால் கிட்டில் கோளாறு இல்லை. மறுபடி இன்ஸ்டால் செய்து நேரத்தை வீணாக்காதீர்கள். பிரச்சினை உங்கள் கடைசி வரியில் இருக்கிறது.

ஐகான் மேல் வரும் இந்தச் சிறு குறிகளுக்கு ஓவர்லே என்று பெயர். எத்தனை மென்பொருள் இருந்தாலும் விண்டோஸ் மொத்தம் 15 ஓவர்லேக்களைத்தான் ஏற்றும். அதிலும் சில அதன் சொந்தத் தேவைக்குப் போய்விடும். ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் இடம்) அகரவரிசைப்படி முன்னால் நிற்பவற்றுக்கே இடம். ஸ்பேஸ் எல்லா எழுத்துக்கும் முன்னால் வரும் என்பதால், ஆளாளுக்குத் தங்கள் பெயருக்கு முன் ஸ்பேஸ்களைச் சேர்த்துக்கொண்டு முந்தப் பார்க்கிறார்கள். டிராப்பாக்ஸ் 10 வரையும் ஒன்டிரைவ் 7 வரையும் பதிந்துகொள்ளும். அதற்குப் பிறகு டார்ட்டாய்ஸுக்கு எங்கே இடம்?

முதலில் டார்ட்டாய்ஸ்கிட் செட்டிங்ஸில் ஐகான் ஓவர்லேஸ் பக்கத்தைப் பாருங்கள். ஸ்டேட்டஸ் கேஷ் 'நன்' (None) என்றிருந்தால் 'டீஃபால்ட்' ஆக்குங்கள். ப்ராஜெக்ட் நெட்வொர்க் டிரைவில் இருந்தால் அந்த டிரைவ் வகைக்கு டிக் போட வேண்டும். இவை சரியாக இருந்தால் ரெஜிஸ்ட்ரிதான்.

விண்டோஸ் கீயுடன் ஆர் அழுத்தி ரெஜெடிட் திறங்கள்; அட்மின் உரிமை தேவை. ஹெச்கீ லோக்கல் மெஷினில் சாஃப்ட்வேர், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், கரன்ட்வெர்ஷன், எக்ஸ்ப்ளோரர் என்று இறங்கினால் ஷெல்ஐகான்ஓவர்லேஐடென்டிஃபையர்ஸ் வரும். எதையும் தொடும் முன் அதை ரைட் கிளிக் செய்து எக்ஸ்போர்ட் எடுத்து வையுங்கள். இதைத் தவிர்க்கவே கூடாது.

உள்ளே டார்ட்டாய்ஸ்1நார்மல், டார்ட்டாய்ஸ்2மாடிஃபைட், டார்ட்டாய்ஸ்3கான்ஃப்ளிக்ட் என்று வரிசையாக இருக்கும். எஃப்2, ஹோம் அழுத்தி, டிராப்பாக்ஸ் பெயருக்கு முன் உள்ளதைவிட ஒரு ஸ்பேஸ் கூடுதலாக வருமாறு மாற்றுங்கள். பெயர் வரிசைக்கு மட்டும்தான்; எந்த நிரலை ஏற்றுவது என்பதை உள்ளே இருக்கும் ஐடிதான் சொல்கிறது. அதனால் பெயர் மாற்றுவதால் எதுவும் கெடாது. டார்ட்டாய்ஸ் பெயரில் உள்ள ஒன்பதையும் மாற்ற வேண்டியதில்லை. நார்மல், மாடிஃபைட், கான்ஃப்ளிக்ட், ஆடட், டெலீட்டட் ஐந்தும் வந்தால் அன்றாட வேலைக்குத் தாராளம். வேண்டாதவற்றை செட்டிங்ஸில் ஓவர்லே ஹேண்ட்லர்ஸ் பக்கத்தில் அணைத்துவிடலாம். எஸ்விஎன் என்ற இன்னொரு மென்பொருளுக்கான டார்ட்டாய்ஸ்எஸ்விஎன்னும் இதே ஓவர்லேக்களைப் பகிர்ந்துகொள்வதால் அதிலும் அவை மறையும்.

பிறகு டாஸ்க் மேனேஜரில் விண்டோஸ் எக்ஸ்ப்ளோரரை ரீஸ்டார்ட் செய்யுங்கள். டிராப்பாக்ஸோ ஒன்டிரைவோ அப்டேட் ஆகும்போது ரெஜிஸ்ட்ரியில் தன் கீக்களை (பதிவுகளை) மறுபடி எழுதக்கூடும். டிக் மறைந்தால் முதலில் இந்த வரிசையைப் பாருங்கள்.

ப்ராஜெக்ட்டே ஒன்டிரைவ் ஃபோல்டருக்குள் இருந்தால் வெளியே எடுத்துவிடுங்கள். கமிட் ஓடும் நேரத்தில் ஒன்டிரைவின் சிங்க்கும் டாட்கிட் (.git) ஃபோல்டருக்குள் கை வைத்தால் ரெப்போவே (கிட் வைத்திருக்கும் மொத்தப் பதிவுமே) பழுதாகலாம்.