எழுபதில் ஓடினால் எத்தனை மீற்றரில் நிற்கும்?

திருகோணமலையில் உயர்தரப் பௌதிகவியல் படிப்பிக்கும் நான், வீதி வேகம் பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

சேர், வேக எல்லை ஊருக்குள்ள மணிக்கு 50 கிலோமீற்றர், வெளியில 70. இருபதுதானே வித்தியாசம்? (மோட்டார் சைக்கிள்காரர், தம்பலகாமம்)

தம்பி, ஆபத்தைக் கண்டு பிரேக்கில் கால் வைக்க ஒன்றரை செக்கன் என்று வைப்போம். 50இல் அதற்குள்ளேயே 21 மீற்றர் போய்விடும். காய்ந்த தார் ரோட்டில் உராய்வுக் குணகம் (சில்லு ரோட்டைப் பிடிக்கும் அளவு) 0.7 என்றால், பிரேக் பிடித்தபின் இன்னும் 14. மொத்தம் 35 மீற்றர். 70இல் 29உம் 28உம் சேர்ந்து 57. பிரேக் பிடிக்கும் தூரம் வேகத்தின் வர்க்கத்தோடு கூடுவதால்தான் 14 இரட்டிப்பாகிறது.

இனி, சரியாக 35 மீற்றரில் ஒரு மாடு நிற்கிறது என்று நினையுங்கள். 50இல் வந்தவர் அதன் மூக்கடியில் நின்றுவிடுவார். 70இல் வந்தவர் அப்போதுதான் பிரேக்கை அமத்தத் தொடங்கியிருப்பார், மாட்டில் மோதும்போது வேகம் 62. வகுப்பில் இந்தக் கணக்கைச் செய்யும்போது பிள்ளைகள் நம்பாமல் இரண்டாந்தரமும் தட்டிப் பார்ப்பார்கள்.

பாரம் ஏத்தின லொறி ரோட்டை நல்லாப் பிடிக்கும், கெதியா நிக்கும் எண்டு சொல்லீனம். சரியோ? (கிண்ணியா)

பாதி சரி. பாரம் கூட உராய்வு கூடும், நிறுத்த வேண்டிய திணிவும் அதே அளவு கூடும். சமன்பாட்டில் திணிவு வெட்டுப்பட்டுப் போகும். ஆனால் காற்று பிரேக் பிடிக்கச் சற்றுச் சுணங்கும், சூடேறினால் பிடி தளரும். அதனால் நிறைபார லொறிக்குக் காரைவிடத் தூரம் கூடவே வேண்டும்.

இந்த 70 எங்கேயிருந்து வருது? (உயர்தர மாணவி)

தங்கச்சி, ஒரே சூத்திரத்தில் இருந்து வருவதில்லை. வளைவை எடுங்கள். 100 மீற்றர் ஆரை, ரோட்டின் சரிவு 0.05, சௌகரியமான பக்க உராய்வு 0.15 என்றால் v² = 9.8 × 100 × 0.2 (v வேகம், 9.8 புவியீர்ப்பு ஆர்முடுகல், 0.2 சரிவும் உராய்வும் கூட்டியது). விடை செக்கனுக்கு 14 மீற்றர், அதாவது மணிக்கு 50 கிலோமீற்றர். அதே சௌகரியத்தோடு 70இல் திரும்ப 190 மீற்றருக்கு மேல் ஆரை வேண்டும். அடுத்தது எவ்வளவு தூரம் கண்ணுக்குத் தெரிகிறது என்பது. மூன்றாவது, மோதலை மனித உடம்பு எவ்வளவு தாங்கும் என்பது. 1997இல் சுவீடன் பாராளுமன்றம் ஏற்ற 'விஷன் ஸீரோ' (வீதியில் ஒருவரும் சாகவோ படுகாயமடையவோ கூடாது என்ற) கொள்கை அங்கிருந்துதான் தொடங்குகிறது: நடந்து போகிறவர்கள் இருக்கும் இடத்தில் 30, சந்தியில் பக்கவாட்டு மோதலுக்கு 50, நேருக்கு நேர் மோதலுக்கு 70. என் மனதுக்கு மிக நேர்மையாகப் படுவது இந்த வழிதான்.

இரவில ஹபரணைப் பக்கம் யானை கடக்கிற இடத்திலயும் 70 போகலாமோ?

சட்டம் விடலாம், வெளிச்சம் விடாது. டிம் லைட்டில் தெளிவாகத் தெரிவது 40, 50 மீற்றர்தான். யானையின் கறுத்த உடம்பு அதையும் விழுங்கிவிடும். 70க்கு 57 மீற்றர் வேண்டும் என்று மேலே பார்த்தோம். மாரி மழையில் குணகம் 0.4க்கு இறங்கினால் 77. ஈர ரோட்டில் 50க்கே 45 மீற்றர் போய்விடும். நான் அந்தப் பகுதியில் இரவில் 40ஐத் தாண்டுவதில்லை. பின்னால் ஹோர்ன் அடிப்பவர் அடிக்கட்டும்.

ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கையில் சில்லு இறுகாமல் காக்கும் முறை) இருந்தால்?

சில்லு இறுகாது, திருப்பி விலக முடியும். அந்த ஒன்றரை செக்கனை அது குறைக்காது.

ஓட்டோவுக்கு மட்டும் 40 எண்டது எங்களைக் குறைச்சு மதிக்கிற மாதிரி இல்லையோ? (உப்புவெளி)

இல்லை அண்ணை, மூன்று சில்லின் கேத்திரகணிதம் அப்படி. ஓட்டோ கவிழ்வது முன் சில்லையும் வெளிப்பக்கப் பின் சில்லையும் இணைக்கும் கோட்டைச் சுற்றி. வளைவில் பிரேக் பிடித்தால் பாரம் முன்னுக்குத் தள்ளும், அந்தக் கோட்டைத் தாண்டுவது இன்னும் சுலபமாகும். பின் சீற்றில் நாலு பேர், கூரையில் மூட்டை என்றால் புவியீர்ப்பு மையமும் மேலே ஏறிவிடும். வேகத்தை வளைவுக்கு முன்னமே குறையுங்கள், உள்ளே போனபிறகு பிரேக்கைத் தொடாதீர்கள்.