குரோம் திறந்தால் மட்டும் கணினி திணறுகிறதா?

வணக்கம். 4 ஜிபி ராம் (கணினி வேலை செய்யும்போது தற்காலிகமாகப் பயன்படுத்தும் மெமரி), பழைய ஹார்ட் டிஸ்க், குரோமில் ஏழெட்டு டேப் திறந்ததும் மவுஸ்கூட நகரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். வேர்டு மட்டும் திறந்தால் நன்றாக ஓடுகிறது என்பதால், அவசரப்பட்டு விண்டோஸை மறுபடி நிறுவ வேண்டாம்.

அடுத்த முறை திணறும்போது கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைப் பாருங்கள். மெமரி 90 சதவீதத்தைத் தாண்டி, டிஸ்க்கும் 100-ல் நின்றால் ராம் பற்றாக்குறைதான் காரணம். ராமில் இடமில்லாததை விண்டோஸ் ஹார்ட் டிஸ்க்கில் எழுதி எழுதி எடுக்கும். அது ராமைவிடப் பல மடங்கு மெதுவானது.

குரோமுக்குள் ஷிஃப்ட், எஸ்கேப் அழுத்தினால் எந்த டேப், எந்த எக்ஸ்டென்ஷன் (குரோமில் கூடுதலாகச் சேர்க்கும் சிறு நிரல்) மெமரியைத் தின்கிறது என்று தெரியும். வேண்டாததை நீக்கிவிட்டு, செட்டிங்ஸில் மெமரி சேவரைப் போடுங்கள்; பயன்படுத்தாத டேப்கள் பிடித்திருக்கும் மெமரியை அது விடுவிக்கும். அப்புறமும் திணறினால் ராமை 8 ஜிபி ஆக்குங்கள். கையில் காசு இருந்தால் ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் அதைவிட வேகமான எஸ்எஸ்டியும் போட்டுவிடுங்கள், வித்தியாசம் உடனே தெரியும்.