தீபாவளிக்கு வயதான பெற்றோரைக் காசிக்கு அழைத்துப் போய்த் தங்க அன்னபூரணியைத் தரிசிக்க வேண்டும். எப்படித் திட்டமிடுவது?

தாராளமாகப் போகலாம். என் அம்மாவையும் பெரியம்மாவையும் நான் அழைத்துப் போனது இதே தீபாவளிச் சமயத்தில்தான். இருவருக்கும் எழுபதுக்கு மேல். பெரியம்மாவுக்கு மூட்டுவலி வேறு. உங்கள் அப்பாவுக்கும் முட்டிவலி என்றும், பிரயாகை, கயை எல்லாம் சேர்த்து ஒரு வாரத்துக்குள் முடித்துவிட நினைப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வாரக் கணக்கை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். தீபாவளி நாட்களைக் காசிக்கு மட்டும் என்று ஒதுக்கிவிடுங்கள். ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் தேதி. டிக்கெட் எல்லாம் அப்புறம். அன்னபூரணி கோயிலில் கீழே இருக்கும் மூலவரை வருஷம் முழுக்கத் தரிசிக்கலாம். மாடியில் இருக்கும் சொர்ண அன்னபூரணி அப்படியில்லை. தீபாவளிக்கு முன்னால் வரும் தேய்பிறைத் திரயோதசியன்று, வடக்கே தந்தேரஸ் என்று கொண்டாடுகிறார்களே அன்றைக்கு, கதவு திறக்கும். தீபாவளி கழிந்து வளர்பிறைப் பிரதமையில் வரும் அன்னக்கூடம் என்ற அன்னப்படையல் விழாவோடு மூடிவிடுவார்கள். திதி நீள்வதைப் பொறுத்து நாலு நாளோ ஐந்து நாளோ கிடைக்கும், அவ்வளவுதான். அதற்கப்புறம் அடுத்த வருஷம்தான்.

இதில் நம்மவர்கள் பலர் குழம்புகிற இடம் ஒன்று உண்டு. நமக்குத் தீபாவளி என்றால் நரக சதுர்த்தசி விடியற்காலை. அவர்களுக்கு அமாவாசை சாயங்காலம், லட்சுமி பூஜை. சில வருஷம் இரண்டும் ஒரே தேதியில் வரும், சில வருஷம் அவர்களுடையது மறுநாள். நம் ஊர்த் தினசரிக் காலண்டரை மட்டும் பார்த்துவிட்டு, தீபாவளிக்கு மறுநாள் திரும்ப டிக்கெட் போட்டால் அன்னக்கூடம் கைவிட்டுப் போகும். தந்தேரஸ், அன்னக்கூடம் இரண்டுக்கும் அந்த வருஷம் என்ன தேதி என்று காசிப் பஞ்சாங்கப்படி பார்த்துக்கொண்டு, தந்தேரஸுக்கு முதல் நாளே ஊருக்குள் இருக்கும்படி திட்டமிடுங்கள். இன்னொன்று, படித்துறை முழுக்க லட்சக்கணக்கில் அகல்விளக்கு எரியும் வீடியோக்கள் பார்த்திருப்பீர்கள். அது தேவ தீபாவளி. வடக்கத்திக் கணக்கில் கார்த்திகைப் பௌர்ணமியில், தீபாவளி கழிந்து பதினைந்து நாளில் வருவது. அதுவும் பார்க்க வேண்டியதுதான். ஆனால் அன்றைக்குப் போனால் தங்க அன்னபூரணி கிடையாது. ஒரே பயணத்தில் இரண்டும் வேண்டும் என்றால் இரண்டு வாரத்துக்கு மேல் தங்க வேண்டியிருக்கும்.

ரயில் முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்னால்தான் திறக்கிறது. 2024 நவம்பருக்கு முன் 120 நாளாக இருந்தது. பழைய கணக்கில் இருக்காதீர்கள். திறக்கிற அன்று காலை எட்டு மணிக்கே உட்கார்ந்து போட்டுவிடுங்கள். சென்னையிலிருந்து சாப்ரா போகும் கங்கா காவேரி வாரம் இரண்டு முறை, கன்னியாகுமரியிலிருந்தும் ராமேஸ்வரத்திலிருந்தும் பனாரஸுக்கு வாரம் ஒரு முறை வண்டி இருக்கிறது. சென்னையிலிருந்தே ஒன்றரை நாள் பயணம். வாரணாசி ஜங்ஷன் வேறு, பனாரஸ் ஸ்டேஷன் வேறு. பழைய மண்டுவாடீதான் 2021இல் பனாரஸ் என்று பெயர் மாறியது. நேராக இடம் கிடைக்காவிட்டால் பண்டிட் தீன்தயாள் உபாத்யாய ஜங்ஷனுக்கு, அதாவது பழைய முகல்சராய்க்குப் பாருங்கள். அங்கிருந்து ஆற்றைத் தாண்டினால் காசி. காரிலோ ஆட்டோவிலோ வந்துவிடலாம். விமானம் என்றால் பாபத்பூரில் இறங்கி ஊருக்குள் வர 25 கிலோமீட்டர்.

கூட்டம் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்து டிக்கெட் போடுங்கள். தமிழ்நாட்டில் வேலை பார்க்கும் பீகார், கிழக்கு உத்தரப் பிரதேசத் தொழிலாளர்கள் வருஷத்துக்கு ஒரு முறை வீடு திரும்புவது தீபாவளிக்கும் அதற்கடுத்து வரும் சட் பூஜை என்ற சூரிய வழிபாட்டுக்கும்தான். அதனால் நாம் வடக்கே போகிற வண்டிகளில் முன்பதிவுப் பெட்டியிலும் கால் வைக்க இடம் இருக்காது. பாவம், அவர்களுக்கும் வேறு வண்டி இல்லை. பெரியவர்களோடு போவதால் போகும்போது ஏசி வகுப்பிலேயே, கீழ்ப் படுக்கை கேட்டுப் போடுங்கள். முடிந்தால் அந்த ஒரு வழிக்கு மட்டும் விமானம். திரும்பும்போது கதை வேறு. தீபாவளிக்கும் சட் பூஜைக்கும் நடுவில் தெற்கே வரும் வண்டிகளில் நெரிசல் குறைவு. சட் தீபாவளிக்கு ஆறாம் நாள். அது முடிந்துவிட்டால் மறுபடி மொத்தக் கூட்டமும் நம் பக்கம் கிளம்பும். ஆகவே அன்னக்கூடம் முடிந்த ஓரிரு நாளில் கிளம்புவதுதான் நல்லது.

இனி தங்குமிடம். பயணம் நன்றாக அமைவதும் அமையாததும் இதில்தான் இருக்கிறது என்பது என் தீர்மானமான எண்ணம். ஆன்லைனில் பார்த்தால் கண்டோன்மெண்ட் பக்கம் நல்ல ஓட்டல்கள், லிஃப்ட், சுத்தமான அறை எல்லாம் இருக்கும். கோயிலுக்கு நாலைந்து கிலோமீட்டர்தானே என்று தோன்றும். பண்டிகை நாளில் அந்தக் கணக்கு உதவாது. கோயிலை ஒட்டிய கோதௌலியா சுற்றுவட்டாரத்தில் வண்டிகளை நிறுத்திவிடுவார்கள். ஆட்டோவோ டோட்டோ என்கிற பேட்டரி ரிக்ஷாவோ உங்களைத் தடுப்புக்கு வெளியே இறக்கிவிட்டுப் போய்விடும். அதற்கப்புறம் நடைதான். வரிசையில் நிற்பதற்கு முன்னாலேயே அப்பாவின் கால் ஓய்ந்துவிடும். வசதி கொஞ்சம் குறைந்தாலும் கோயிலுக்கு நடந்து போகிற தூரத்தில், தரைத்தளத்தில் ஓர் அறை. அதற்காக எவ்வளவு வேண்டுமானாலும் மெனக்கெடலாம்.

நமக்கு அங்கே இரண்டு பேட்டைகள் உண்டு. ஒன்று கோதௌலியா பக்கம் நாட்டுக்கோட்டை நகரத்தார் சத்திரம். 1863இல் ஏற்பட்டது, அங்கிருந்து விசுவநாதர் கோயில் பக்கம். இன்னொன்று அனுமான் காட். காட் என்றால் படித்துறை. தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக இருக்கிற இடம். பாரதியார் 1898 முதல் அத்தை வீட்டில் தங்கிப் படித்ததும் இங்கேதான். சாஸ்திரிகள், தமிழ்ச் சாப்பாடு, காஞ்சி மடத்துக் கோயில் எல்லாம் கிடைக்கும். ஆனால் அங்கிருந்து விசுவநாதர் கோயில் நடைக்குக் கொஞ்சம் தூரம். பித்ரு காரியம் முக்கியம் என்றால் அனுமான் காட், தரிசனம்தான் முக்கியம் என்றால் கோதௌலியா. எதுவானாலும் சில மாதம் முன்பே போனில் பேசி உறுதி செய்துகொள்ளுங்கள். தீபாவளிக்கு நேரில் போய் நின்று அறை கேட்பது பெரியவர்களை வைத்துக்கொண்டு செய்கிற காரியமில்லை.

நாங்கள் கோதௌலியா பக்கம் தங்கினோம். அதனால் கிடைத்த ஒரு பாக்கியம் சம்போ. விசுவநாதருக்கான பூஜைப் பொருட்களை நகரத்தார் சத்திரத்திலிருந்து நாள்தோறும் எடுத்துப் போகிறார்கள். வீதியில் நிற்க இடமில்லாத நெரிசல். தூரத்தில் "சம்போ, சம்போ மகாதேவா" என்ற குரல் கேட்டதும் கூட்டம் தானாக இரண்டாகப் பிளந்து வழிவிட்டது. பால், பூ, வில்வம், சந்தனம் எல்லாம் தலையிலும் கையிலுமாக வேகநடையில் போய்விட்டார்கள். நம் ஊர்க்காரர்கள் தலைமுறை தலைமுறையாக, கோயில் எத்தனையோ மாற்றம் கண்ட பிறகும், ஒரு நாள் விடாமல் இதை நடத்தி வருகிறார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் கண் கலங்கும். அவசியம் கேட்டு, நேரம் தெரிந்துகொண்டு பாருங்கள்.

அன்னபூரணி தரிசனத்துக்குத் தந்தேரஸ் அன்றே போயாக வேண்டும் என்ற வைராக்கியம் வேண்டாம். கஜானா என்று சொல்லி அம்பாள் பிரசாதமாக நெல்பொரியும் காசும் தருவார்கள். அதை முதல் நாளே வாங்கிவிட வேண்டும் என்று ஊரே திரண்டு, முந்தின இரவிலிருந்து வரிசையில் உட்கார்ந்திருக்கும். அடுத்த நாட்களில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மேலே ஏறப் படிக்கட்டு உண்டு, அதை அப்பாவிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். பெரியம்மாவால் முடியுமா என்று எனக்குக் கவலையாகத்தான் இருந்தது. படி ஏறுமிடத்தில் நின்ற பெண் போலீஸ் ஒருவர் ஒன்றும் பேசாமல் பெரியம்மாவின் முழங்கையைப் பிடித்து ஏற்றிவிட்டார். மேலே சன்னிதி முன் நிற்கக் கிடைப்பது சில விநாடி. நடுவில் தங்கத்தில் அன்னபூரணி. லட்சுமியும் பூதேவியும் இருபுறம். எதிரே வெள்ளியில் பிச்சாண்டியாகச் சிவபெருமான், அவளிடம் கையேந்தி. "ஆகே படோ, ஆகே படோ" என்று நகர்த்திக்கொண்டே இருப்பார்கள். எதைப் பார்ப்பது என்று தெரியாமல் கண் அலையும். ஆகவே போவதற்கு முன்பே அம்மாவிடமும் அப்பாவிடமும் எது எங்கே இருக்கும் என்று சொல்லிவிடுங்கள். என் அம்மா கீழே இறங்கியதும் கேட்டது, "அவர் ஏந்தி நிக்கிற நிலையைப் பார்த்தியா? லோகத்துக்கே படியளக்கிறவருக்கு அவ படியளக்கிறா." காசை முந்தானையில் முடிந்துகொண்டு வந்து, ஊரில் அரிசிப் பானைக்குள் போட்டு வைத்திருக்கிறார்.

விசுவநாதர் தரிசனத்தை அதே நாளில் சேர்க்க வேண்டாம். இரண்டு கோயிலும் அருகருகேதான் என்றாலும் இரண்டு வரிசை. 2021 டிசம்பரில் புது வளாகம் திறந்த பிறகு உள்ளே விசாலமாகிவிட்டது. கங்கைக் கரையிலிருந்தே நேராக நுழையலாம், ஆனால் அந்தப் பக்கம் படிகள் அதிகம். முட்டிவலிக்காரருக்குத் தெருப்பக்க வாசல்தான் சரி. சக்கர நாற்காலி உண்டு, கேளுங்கள். சுகம் தரிசனம் என்ற கட்டணச் சீட்டைப் பண்டிகை நெரிசலில் நிறுத்திவைப்பார்கள், அதை நம்பித் திட்டமிடாதீர்கள். கருவறைக்குள் போய்த் தொட்டுக் கும்பிடுவதும் அப்படித்தான். கூட்ட நாட்களில் வாசலிலிருந்தே தரிசனம். போன், பை, பேனா எதுவும் உள்ளே கூடாது. மூவரும் பிரிந்துவிட்டால் எங்கே சந்திப்பது என்று முதலிலேயே ஓர் இடம் பேசிக்கொள்ளுங்கள்; அறையின் முகவரியையும் உங்கள் எண்ணையும் இந்தியில் எழுதி அப்பா சட்டைப்பையிலும் அம்மா கைப்பையிலும் வைத்துவிடுங்கள்.

சதுர்த்தசி விடியற்காலை ஸ்நானத்துக்குப் பெரியவர்களோடு தசாசுவமேதப் படித்துறைக்குப் போக வேண்டாம். நாங்கள் கேதார் காட் போனோம். கேதாரேசுவரர் கோயிலைக் குமரகுருபரர் வழிவந்த குமாரசாமி மடம் பார்த்துக்கொள்கிறது. செவ்வெள்ளைப் பட்டை அடித்த சுவரைப் பார்த்தாலே நம் ஊர்க் கோயில் என்று தெரிந்துவிடும். தெருவிலிருந்து இறங்கும் படி செங்குத்து. ஆகவே வேறு படித்துறையில் படகு ஏறி, ஆற்றுப்பக்கமாக வந்து இறங்குவது சுலபம். மழைக்கால வெள்ளம் விட்டுப்போன வண்டல் கீழ்ப்படிகளில் வழுக்கும். ஒவ்வொருவராகக் கையைப் பிடித்து இறக்குங்கள். நல்லெண்ணெய் வைப்பது, சீயக்காய் தேய்ப்பது எல்லாம் அறையில் வெந்நீரில் முடித்துவிட்டு, ஆற்றில் முழுக்கு மட்டும் போடுங்கள். கங்கையில் எண்ணெயும் சோப்பும் சேர்க்க வேண்டாம். வருஷா வருஷம் "கங்கா ஸ்நானம் ஆச்சா?" என்று போனில் விசாரிக்கிற சொந்தக்காரர்களுக்கெல்லாம், அன்று ஈரத் தலையோடு படியில் உட்கார்ந்தபடியே அம்மா போன் போட்டுப் பேசினார்.

அமாவாசை சாயங்காலம் அறையிலேயே இருங்கள். சந்து சந்தாக வெடிப்பார்கள், புகை மண்டும். ஆஸ்துமா இருந்தால் முகக்கவசமும் இன்ஹேலரும் மறக்கக் கூடாது. காலபைரவர், விசாலாட்சி, துண்டி விநாயகர் மூன்றையும் நடுவில் கிடைக்கும் காலை வேளைகளில் நிதானமாக முடிக்கலாம். தர்ப்பணம், சிராத்தம் செய்வதாக இருந்தால் சாஸ்திரிகளிடம் நாளும் தட்சிணையும் ஊரிலிருந்தே பேசிக்கொண்டு போங்கள்.

பிரயாகைக்குச் சுமார் 125 கிலோமீட்டர், கயைக்குச் சுமார் 250. இரண்டையும் தீபாவளி நாட்களுக்குள் நுழைத்தால் அன்னபூரணி சன்னிதி திறந்திருக்கிற நேரத்தில் நீங்கள் நெடுஞ்சாலையில் இருப்பீர்கள். பிரயாகையைத் தந்தேரஸுக்கு முன்னால் வைத்துக்கொள்ளுங்கள். முறைப்படி காசி யாத்திரையாகச் செய்வதென்றால் ராமேஸ்வரத்துச் சேதுக்கரை மணலை எடுத்துப் போய்த் திரிவேணியில் கரைக்க வேண்டும் என்பதால் அந்த வரிசையும் பொருந்தும். கயையை இந்த முறை விட்டுவிடுங்கள், அல்லது அன்னக்கூடத்துக்குப் பிறகு உடம்பு தெம்பாக இருந்தால் போகலாம். கங்கை நீரை வாய் அடைத்த தாமிரச் செம்பாக வாங்கிக்கொள்ளுங்கள். விமானத்தில் திரும்பினால் கைப்பையில் விடாமல் போகலாம். ஈயம் வைத்து மூடியதைத் துணி சுற்றிப் பெரிய பெட்டியில் போட்டுவிடுங்கள். ராமேஸ்வரத்தில் கங்கை அபிஷேகத்துக்குச் சீட்டு உண்டு, ஊர் திரும்பிய களைப்பு தீர்ந்த பிறகு ஒரு நாள் போய்க் கொடுத்துவிட்டு வரலாம்.